சிம்மாசனத்துல உக்காராத சித்தப்பா

நேபாள வரலாறுன்னாலே எல்லாரும் நாட்டை ஒண்ணாக்கின கூர்க்கா ராஜா பிருத்வி நாராயண் ஷா பேரைத்தான் சொல்லுவாங்க. எனக்கு மனசுல நிக்கிறது அவரோட இளைய மகன் பகதூர் ஷா. 1757ல பொறந்தவர். அண்ணன் பிரதாப் சிங் 1777ல செத்துப்போறாரு, ராஜாவா உக்காந்த அண்ணன் பையன் ரண பகதூருக்கு அப்ப ரெண்டரை வயசு. அண்ணிக்கும் இவருக்கும் ஒத்தே வரல, இவர் நாட்டை விட்டுப் போய் இப்ப இந்தியாவுல பீகார்ல இருக்குற பெத்தியாவுல இருந்தாரு. 1785ல அண்ணி செத்தப்புறம்தான் திரும்பி வந்து, பையன் பேர்ல ஆட்சியைக் கையில எடுத்தாரு.

அதுக்கப்புறம் ஒம்போது வருஷம் ஓட்டம்தான். பால்பா ராஜா மகளைக் கட்டிக்கிட்டு அந்தப் பக்கத்தை நட்பாக்கிட்டாரு, மத்த குட்டி ராஜ்யங்களை ஒண்ணொண்ணா சேர்த்தாரு, 1789ல ஜும்லா, 1790ல குமாவுன், அப்புறம் பக்கத்துல இருந்த கட்வால்ல (ரெண்டும் இப்ப இந்தியாவோட உத்தரகாண்ட்) லங்கூர்கட் கோட்டையைச் சுத்தி முற்றுகை.

இதுக்கு நடுவுலதான் திபெத் சண்டை, அதுவும் காசால வந்தது. திபெத்துக்குன்னு சொந்தமா நாணயம் கிடையாது, வெள்ளியை காட்மாண்டுக்கு அனுப்புவாங்க, இங்க அச்சடிச்சு திருப்பி அனுப்புவாங்க. காட்மாண்டுவை முன்னாடி ஆண்ட மல்ல ராஜாக்கள் காலத்துல அந்த வெள்ளியில செம்பைக் கலந்து லாபம் பார்த்துட்டாங்க. அப்புறம் வந்த கூர்க்காக்காரங்க, அதாவது பகதூர் ஷா வம்சம், சுத்த வெள்ளிக் காசு அடிச்சதும், பழசுக்கும் புதுசுக்கும் ஒரே மதிப்புன்னு திபெத் சொல்ல, இவங்க முடியவே முடியாதுன்னுட்டாங்க. ஒரு சந்தைக்காரர் கையில அந்த ரெண்டு காசையும் வச்சு எடை பார்த்திருப்பாருல்ல, அந்த வித்தியாசத்துக்குத்தான் 1788ல படை இமயமலை தாண்டிப் போச்சு. 1789ல கேருங்ல ஒப்பந்தம், வருஷத்துக்கு 50,001 ரூபாய் தரணும்னு. திபெத் அதை ஒழுங்கா கட்டல.

1791ல திரும்பப் போய் திபெத் பௌத்தத்தோட பெரிய குருவான பஞ்சன் லாமாவோட தாஷிலூன்போ மடத்தையே கொள்ளை அடிச்சாங்க. இதை என்னால ஏத்துக்க முடியல. பணம் பாக்கி இருந்தா எல்லையில நின்னு கேக்கலாம், மடத்துல போய் கை வைக்கலாமா? அதுவும் சீனாவோட சியென்லுங் பேரரசர் பெரிசா மதிச்ச மடம். அவர் ஃபூகாங்ஆன்னு ஒரு தளபதியை அனுப்ப, 1792ல அந்தப் படை மலையிறங்கி நுவாகோட் பக்கம், பேத்ராவதி ஆறு வரைக்கும் வந்துடுச்சு. நுவாகோட் எதுன்னு பாருங்க, 1744ல பகதூர் ஷாவோட அப்பா பிடிச்ச இடம், கூர்க்கா ராஜ்யம் வளர ஆரம்பிச்சதே அங்கதான். பேத்ராவதியில கூர்க்காக்கள் விடாம அடிச்சதுல சீனப் படைக்கும் பலத்த அடி, கடைசியில சமாதானம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பெய்ஜிங்குக்கு காணிக்கையோட தூதர் போகணும்னு ஒத்துக்க வேண்டியதா போச்சு. இந்தப் போருக்காக கட்வால் முற்றுகையையும் கைவிட்டாங்க.

1794ல அண்ணன் பையனுக்கு பத்தொம்போது வயசு, ஆட்சியைத் தானே எடுத்துக்கிட்டான். அப்புறம் சித்தப்பாவை ஜெயில்லயும் போட்டான். 1797ல பகதூர் ஷா அங்கயே செத்துப்போனாரு, நாப்பது வயசுல.