ஆடைப் பட்டியலை ஸ்பானிஷுக்குக் கொண்டுபோன கதை

ஆயத்த ஆடைப் பட்டியல் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்றித் தரும் வேலை வந்தது. எந்த நாட்டுக்கு என்று கேட்டேன். எல்லா நாட்டுக்கும் பொதுவான ஸ்பானிஷ் போதும் என்றார்கள். மென்பொருளுக்கு அந்தப் பொது நடை ஓரளவு கைகொடுக்கும். துணிமணியில் அது எடுபடாது.

டி-சர்ட்டையே பாருங்கள். ஸ்பெயினில் காமிசேத்தா, மெக்சிகோவில் ப்ளயேரா, அர்ஜென்டினாவில் ரெமேரா, சிலியில் பொலேரா. இதோடு முடிந்தால் பரவாயில்லை. அதே பொலேரா அர்ஜென்டினாவில் கழுத்தை மூடும் உயர்காலர் சட்டை, பெருவில் ஸ்வெட்சர்ட். ஜாக்கெட்டுக்கு ஸ்பெயினில் சாக்கேத்தா என்பார்கள். மெக்சிகோவில் அந்தச் சொல்லுக்கு ஓர் ஆபாசப் பொருள் உண்டு. அங்கே சமார்ரா என்று எழுதுவதே பத்திரம். இதை எடுத்துச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் நாடுகளின் பெயர்கள் வந்துவிட்டன: ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா. எக்செல்லில் நாட்டுக்கு ஒரு பத்தி போட்டுக்கொண்டேன்.

மூல ஆங்கிலமும் லேசுப்பட்டதல்ல. வெஸ்ட் என்றால் அமெரிக்கருக்குச் சட்டைக்கு மேல் போடும் கையில்லாத கோட்டு, பிரிட்டிஷாருக்கு உள்ளே போடும் பனியன். ஜம்பர் பிரிட்டனில் ஸ்வெட்டர், அமெரிக்காவில் கையில்லாத கவுன். அதனால் ஒவ்வொரு உருப்படிக்கும் படம் கேட்டு வாங்கினேன். படம் வராத வரிகளைத் தொடவே இல்லை.

உண்மையில் நேரத்தைத் தின்றது தையல் பகுதிதான். யோக் என்று அகராதியில் தேடினால் முதலில் வருவது மாட்டின் நுகத்தடி. சட்டையின் தோள்பட்டைத் துண்டுக்குத் தையல்காரர்கள் சொல்வது கனேசூ. டார்ட் என்றால் எறியும் அம்பு வருகிறது. துணி உடலோடு பொருந்த மடித்துத் தைக்கும் டார்ட்டுக்குப் பின்சா. கை நுழையும் ஆர்ம்ஹோல் சீசா, பேன்டில் கவட்டிலிருந்து இடுப்பு வரையுள்ள ரைஸ் தீரோ. இவற்றை அகராதியிலிருந்து எடுக்கவில்லை. ஸ்பானிஷிலேயே எழுதப்பட்ட பேட்டர்ன் (துணி வெட்டும் மாதிரி) புத்தகங்களின் வரைபடங்களைத் தொழிற்சாலை வரைபடத்தோடு பக்கத்தில் வைத்து, பாகம் பாகமாகப் பொருத்திப் பார்த்தேன். ஆடைகளின் பெயர் மாறும் அளவுக்கு இந்தப் பாகங்களின் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை என்பது பெரிய ஆறுதல்.

லேபிள் வேலை சட்டென்று முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இழைகளின் பெயர்களை 1007/2011 ஒழுங்குமுறையே பட்டியலிட்டுத் தருகிறது. இழுபடும் இழையான ஸ்பான்டெக்ஸ் என்று இருந்தால் எலஸ்தானோ, அவ்வளவுதான். மெக்சிகோவுக்கு லேபிள் தகவலை ஸ்பானிஷில் தரச் சொல்லும் தனி விதிமுறை இருக்கிறது.

கடைசியாக, ஒவ்வொரு சொல்லையும் அந்தந்த நாட்டு இணையக் கடைகளில் தேடி என்ன படம் வருகிறது என்று பார்த்தேன். மேதியாஸ் என்று தேடினால் அர்ஜென்டினாவில் சாக்ஸ் வருகிறது, ஸ்பெயினில் நீளமான ஸ்டாக்கிங்ஸ். சாக்ஸுக்கு ஸ்பெயின் பத்தியில் கால்செத்தீனெஸ் என்று போட்டுக் கோப்பை அனுப்பினேன்.