கடைசியில் ஓடும் பெயர்கள்

அந்த எக்செல் தாளை நிரப்பியது நான்தான். மொத்தம் பதினொரு வரி. நாங்கள் டெஸ்டிங் செய்துகொடுத்த கேம் வெளியாகப் போகிறது, உங்கள் ஆட்களின் பெயர்களைத் தாருங்கள், கடைசியில் ஓடும் பட்டியலில் போடுகிறோம் என்று வெளிநாட்டு ஸ்டூடியோ கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி. நல்லூரடியில் மகளை ரியூசனால் ஏற்ற வேண்டும். சம்பளப் பட்டியலைத் திறந்து பெயர்களைக் கொப்பி பண்ணி ஒட்டி அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். நாலு நிமிஷம் பிடித்திருக்கும். ஏழாவது வரியில் இருந்த பெயரைச் சொல்லி எங்கள் அறையில் யாரும் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

அவளை இங்கே மதுரா என்று எழுதுகிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. பழைய பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை. ஒருமுறை எழுதினதே போதும்.

எங்கள் கொம்பனி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியில், ஒரு போட்டோக் கொப்பிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கேம் டெஸ்டிங் என்றால் நாள் முழுக்க விளையாட்டுத்தானே என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. விளையாட்டுத்தான். பிழை வருகிறதா என்று ஒரே கதவை நாற்பது தரம் திறந்து மூடுகிற விளையாட்டு. மதுராவின் கெட்டித்தனம் சுவரில் இருந்தது. பாத்திரத்தைச் சுவரோடு உரசி உரசி நடத்திக்கொண்டே போவாள், ஒரு மூலை விடாமல். எங்கேயோ ஓரிடத்தில் தரை இருப்பதுபோலத் தெரியும், ஆனால் இராது. பாத்திரம் அதற்குள்ளால் விழுந்து, அடியில் வானத்தில் மிதக்கும். மற்றவர்களுக்கு ஒரு நாளைக்கு இப்படி ஒன்று அகப்பட்டால் அவளுக்கு ஐந்து அகப்படும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் போனதே, அந்த நாட்களில் ஜெனரேட்டருக்கு டீசல் கிடைத்த இரவுகளில் எல்லாம் அவள்தான் விடிய விடிய இருந்து, ஸ்டூடியோ அனுப்பிய கேமின் புதுப் பதிப்பைப் பார்த்து முடித்தாள்.

2021இல் வேலைக்கு வரும்போது எல்லோருக்கும் அவள் ஒரு பெடியன். அடுத்த வருஷம் ஒருநாள் தேத்தண்ணி குடிக்கப் போன இடத்தில் என்னிடம் சொன்னாள். ‘நீர் ஆராயிருந்தாலும் எனக்கு வேலை நடந்தால் சரி’ என்றேன். பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாக அன்றைக்கு நினைத்தேன். இப்போது யோசித்தால், அவள் தன் வாழ்க்கையைச் சொல்ல, நான் டெட்லைனைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் இடத்தில் அவளை யாரும் கெட்ட வார்த்தையால் ஏசியதில்லை. இதை டிரெக்டர் அண்ணை அடிக்கடி சொல்லிக்காட்டுவார், ஏசாமல் இருந்ததே ஒரு சலுகை மாதிரி. ஸ்டூடியோவோடு வீடியோ கோல் வரும்போது எல்லோருடைய கமராவும் ஓடும். ‘நெட் ஸ்லோவாக் கிடக்கு, மதுராவை மட்டும் ஓஃப் பண்ணச் சொல்லுங்கோ’ என்று எனக்கு மெசேஜ் வரும். மேல்மாடியில் இரண்டு மலசலகூடம். இரண்டையும் விட்டுவிட்டு அவள் வளாகத்தடிக் கடை ஒன்றுவரை நடந்து போய் வருவாள். யாரும் போகச் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அடுத்த புரொஜெக்ட்டுக்கு லீட் போடும் நேரம் அவள் கண்டுபிடித்த பிழைகளில் பாதிகூடக் கண்டுபிடிக்காத ஒரு தம்பிக்குக் கொடுத்தோம். ‘கஸ்டமரோடை முகம் குடுத்துக் கதைக்கிற வேலை பாருங்கோ. எனக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் சனம்...’ என்று இழுத்தார் அண்ணை. யாழ்ப்பாணத்தில் இந்தச் சனம் பொல்லாதது. எந்த அலுவலிலும் தீர்மானம் எடுப்பது சனம்தான். கையெழுத்து வைப்பது மட்டும் நாங்கள்.

அப்புறம் அடையாள அட்டை. எங்கள் அட்டை எண்ணைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பிறந்த வருஷத்துக்குப் பிறகு வரும் மூன்று இலக்கம், அந்த வருஷத்தில் நீங்கள் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். என்னுடையது 500க்கு மேல். மதுராவுடையது இருநூற்றுச் சொச்சம். பெயர் என்னவாக மாறினாலும் அந்த மூன்று இலக்கம் ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதிப் படிவத்தில், வங்கிக் கடிதத்தில் எல்லாம் அவளுக்கு முன்னால் போய் நின்று கதை சொல்லிவிடும். கணக்குப் பார்க்கிறவர் அதைக் காட்டி ‘சிஸ்டத்திலை ஆண் எண்டுதானே கிடக்கு’ என்பார், பகிடி போலவும் நியாயம் போலவும்.

மாற்ற வழி உண்டு. 2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. மனநல மருத்துவ நிபுணரிடம் போய், பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுத்து, அதைக் கொண்டுபோய்ப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, அதன்பின் அடையாள அட்டை. மதுரா தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு நாள் லீவு வேண்டும். லீவுப் படிவத்தில் காரணம் எழுத வேண்டும். ‘சொந்த அலுவல்’ என்று எழுதினால் என்ன அலுவல் என்று கேட்போம். நான்தான் கேட்பேன்.

இதெல்லாம் நடந்தது எந்தத் துறையில் என்பதுதான் எனக்கு இன்னும் பொறுக்காத விஷயம். நான்குபேர் ஒரே மெஷினில் உட்கார்ந்து விளையாடுகிற ‘மியூல்’ 1983இல் வந்தது. அதை வடிவமைத்த டேனியெல் பன்டன் பெரி 1992இலிருந்து பெண்ணாக வாழ்ந்தவர், 1998இல் இறந்தார். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற கேமுக்கு 1980இல் அமெரிக்காவில் தேசியப் போட்டி வைத்தார்கள், அதில் வென்றவர் ரெபெக்கா ஹைனமன். இன்டர்பிளே என்ற கேம் கொம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவர், திருநங்கை, 2025 நவம்பரில் காலமானார். இவையெல்லாம் மதுரா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்தத் துறைக்கு அத்திவாரம் போட்டவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கினம் அக்கா, எங்களை ஏன் விருந்தாளி மாதிரி வாசலிலை வைச்சுப் பாக்கினம் என்று ஒருநாள் கேட்டாள். கேம் துறையில் பெண்களை நடத்திய விதத்துக்காக 2021இல் கலிபோர்னியா மாநிலமே ஒரு பெரிய நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டு, ஊழியர்கள் வெளிநடப்புச் செய்தது செய்தியாக வந்த நேரம், எங்கள் குழு வட்ஸ்அப்பில் அதைப் பகிர்ந்தது நான். அங்கே எவ்வளவு மோசம் பாருங்கள் என்று எழுதியிருந்தேன்.

எங்களுக்கு வேலை தந்த ஸ்டூடியோ ஜூன் மாதத்தில் தன் லோகோவை வானவில் நிறத்துக்கு மாற்றும். பால் அடையாளத்துக்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவது சட்டவிரோதம் என்று 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் தீர்ப்பு அங்கே, வேலை இங்கே. நடுவில் ஒரு ஒப்பந்தம். அதில் ரகசியம் காப்பது பற்றி ஆறு பக்கம் இருந்தது, வேலை செய்கிற ஆட்களை எப்படி நடத்த வேண்டும் என்பது பற்றி அரை வரி இல்லை. எங்கள் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் காரணமாகப் பாகுபாடு கூடாது என்கிறது, பால் அடையாளம் என்ற சொல் அதில் இல்லை. தவிர, அடிப்படை உரிமை வழக்கு அரசின் செயலுக்கு எதிராகத்தான் போடலாம், மேல்மாடிக் கொம்பனிக்கு எதிராக அல்ல. வேலை நீக்கத்துக்கு எதிரான 1971ஆம் ஆண்டுச் சட்டம் 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கு. நாங்கள் பதினொரு பேர். எல்லா இடத்திலும் தரை இருப்பதுபோலத் தெரிந்தது.

ஒரு பிழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைக் கதையில் யாராவது எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அந்தக் கேமில் இடையிலே ஒரு கோயில் வரும், அங்கே போனால் பாத்திரத்தின் பெயரை மாற்றலாம். மாற்றியபின் கிராமத்து ஆட்கள் புதுப் பெயரால் கூப்பிடுவார்கள். ஆனால் கதை நகரும் பெரிய காட்சிகளில் பழைய பெயரே வரும். மதுரா கண்டுபிடித்தாள். எந்தக் காட்சி, எத்தனையாவது செக்கன், பத்துக்குப் பத்துத் தரமும் வருகிறது என்று வடிவாக எழுதி, ‘மேஜர்’ என்று போட்டு அனுப்பினாள். ஸ்டூடியோ அதை ‘மைனர்’ ஆக்கியது. இரண்டு கிழமையில் ‘வோன்ட் ஃபிக்ஸ்’, அதாவது திருத்த மாட்டோம் என்று மூடியது. அவள் திரும்பத் திறந்தாள். திரும்ப மூடினார்கள். மூன்றாம் தரம் திறக்க வேண்டாம், கஸ்டமர் கோபிப்பார் என்று நான் சொன்னேன்.

2023 கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வேலை குறைந்துவிட்டது என்பது காரணம். அடுத்த மாதமே இரண்டு பெடியளை எடுத்தோம். கடிதத்தில் என் கையெழுத்தும் இருந்தது.

பெயர்ப்பட்டியல் விஷயம் எனக்குத் தெரிய வந்தது அதற்குப் பிறகு. கொழும்பில் ஒரு வேலைக்கு நேர்முகம் போய்விட்டு வந்து போன் எடுத்தாள். எந்தக் கேமில் வேலை செய்தீர்கள் என்று கேட்டார்களாம். இந்தத் துறையில் அனுபவச் சான்றிதழை யாரும் பார்ப்பதில்லை, கேமைத் திறந்து கடைசியில் ஓடும் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அவளுடைய பெயர் அதில் இல்லை. இரண்டு வருஷ வேலையைச் சொல்லாமல் விடலாம், அல்லது அந்த ஏழாவது வரி நான்தான் என்று முன்பின் தெரியாத மூன்று பேருக்கு விளக்கலாம். அவள் சொல்லாமல் விட்டிருந்தாள்.

‘நீங்கள் வேணுமெண்டு செய்திருக்க மாட்டியள் அக்கா, சம்பள லிஸ்ற்றைப் பாத்து அடிச்சிருப்பியள்’ என்றாள். அப்படியே நடந்ததைச் சொன்னாள். வேண்டுமென்று செய்திருந்தால் ஒரு நிமிஷமாவது அவளைப் பற்றி யோசித்திருப்பேன் என்று எனக்குப் பட்டது. சொல்லவில்லை.

ஸ்டூடியோவுக்கு எழுதச் சொல்லி அண்ணையிடம் கேட்டேன். இதுக்கெல்லாம் போய் அவங்களைக் கரைச்சல்படுத்தக் கூடாது என்றார். சரி என்று விட்டேன். ஒன்றரை வருஷம் விட்டேன். போன வருஷம் நானும் அங்கிருந்து விலகிய பிறகுதான், வீட்டில் இருந்து, என் சொந்த மெயிலில் இருந்து எழுதினேன். ஆறு வரி. அவர்கள் காரணம் கேட்கவில்லை, சான்றிதழ் கேட்கவில்லை. அடுத்த அப்டேட்டில் மாற்றுகிறோம், தவறுக்கு வருந்துகிறோம் என்று மறுநாளே பதில். மூன்று கிழமையில் மாறியும் விட்டது.

மகளின் கணினியில் கேமை ஏற்றி, பட்டியல் ஓட ஓட ஸ்கிரீன்ஷொட் எடுத்து மதுராவுக்கு அனுப்பினேன். நன்றி என்றோ, அழுகிற பொம்மை ஒன்றோ வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷத்தில் வந்தது.

‘பாத்தன் அக்கா. மதுராவிலை ஒரு எச் விடுபட்டுக் கிடக்கு. மைனர்தான். ஆனால் ஃபிக்ஸ் பண்ணச் சொல்லுங்கோ.’

நான் எழுதிய மெயிலைத் திறந்து பார்த்தேன். விட்டது நான்தான்.