பாங்காக் முதல் சிங்கப்பூர் வரை: கடிகாரம் கூட்டிக் காட்டும் ஒரு மணி

பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்துக்கும் சிங்கப்பூரின் சாங்கிக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 1,400 கிலோமீட்டர். பயணம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஆனால் என் முதல் பயணச்சீட்டில் புறப்பாடு காலை 10.00, வருகை பிற்பகல் 1.30 என்றிருந்ததைக் கண்டு, வழியில் எங்கோ நின்று செல்லும் விமானம் போலும் என்று எண்ணிவிட்டேன். சிங்கப்பூர்க் கடிகாரம் தாய்லாந்தினதை விட ஒரு மணி நேரம் முன்னதாக ஓடுவது எனக்கு உறைக்கவே இல்லை. சூரியனைக் கேட்டால் இரு நகரங்களுக்கும் கால் மணி நேரம்கூட வேறுபாடு கிடையாது. சபா, சரவாக் மாநிலங்களுடன் ஒத்துப்போவதற்காகத் தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று தன் நேரத்தை அரை மணி முன்னே தள்ளியபோது, சிங்கப்பூரும் உடன் தள்ளிக்கொண்டது. திரும்பும் சீட்டிலோ, அதே தொலைவு ஒன்றரை மணியாகச் சுருங்கியிருந்தது.