விரல் அசையுதே, அப்புறம் என்ன?

ஐப்பசி மழையில் வளவு, அதாவது வீட்டு உள்முற்றம், முழுக்க ஈரம். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வார்த்து எடுப்பது, சும்மாவே வழுவழு, தண்ணீர் பட்டால் கேட்கவே வேண்டாம். அப்பத்தா வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார்கள். "விரலெல்லாம் அசையுதப்பா, வெறும் பிசகுதான்" என்றார்கள். நாங்களும் நம்பி, எண்ணெய் தடவி ஒரு ராத்திரியை ஓட்டினோம்.

காலையில் பார்த்தால் கை, கவிழ்த்து வைத்த முள்கரண்டி மாதிரி மணிக்கட்டில் வளைந்து நிற்கிறது. காரைக்குடிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து பின்னால் சாய்ந்திருந்தது. காலிஸ் முறிவு என்கிறார்கள். டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-ல் இதை விவரித்தபோது எக்ஸ்ரே வர இன்னும் 81 வருஷம் இருந்தது, அவர் இதைக் கண்டுகொண்டார். நாங்கள் எக்ஸ்ரே இருக்கிற ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தோம்.

விரலை மடக்கி நீட்டுகிற பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன, அங்கிருந்து நாண் வழியாக, அதாவது தசையை எலும்போடு கட்டுகிற கயிறு வழியாக, இழுக்கின்றன. நாண் அறுபடாதவரை எலும்பு முறிந்தாலும் விரல் அசையும், அவ்வளவுதான் விஷயம்.

வயதான எலும்பு முருங்கைக் கொம்பு, சட்டென்று முறியும். பிள்ளைகளுக்குப் பச்சை வேப்பங்குச்சி: ஒரு பக்கம் பிளக்கும், மறுபக்கம் வளையும். வீக்கம் குறைவாக இருப்பதால் 'சுளுக்கு' என்று விட்டுவிடுவோம். இன்னொன்று இதைவிடக் கள்ளத்தனமானது. கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அடியில் ஒரு குழி விழுகிறதே, அங்கே அழுத்தி வலித்தால் உள்ளே இருக்கிற சின்ன எலும்பு முறிந்திருக்கலாம், முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், பத்துப் பதினான்கு நாள் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தால் யாரும் எண்ணெய் தேட மாட்டார்கள், அதனால் அதை விடுகிறேன்.

அப்பத்தா இடுப்பில் விழவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். விழுந்த பெரியவருக்கு ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் தொடை எலும்பு இடுப்புப் பக்கத்தில் முறிந்திருக்கலாம். தயவுசெய்து எழுப்பி நடக்க வைத்துப் பார்க்காதீர்கள்.

பங்காளி வீட்டில் புத்தூர் கட்டு, அதாவது நாட்டு வைத்தியக் கட்டு, போடலாம் என்றார்கள். நான்தான் மறுத்தேன். எலும்பை இழுத்துச் சேர்த்து மாவுக்கட்டு போட்டார்கள், ஆறு வாரம். விரல்கள் இறுகிப்போகாமல் தினமும் மடக்கி நீட்டச் சொன்னார் டாக்டர். அப்பத்தா என்னைத் திரும்பிப் பார்த்து, "நான்தான் அசையுதுன்னு அன்னைக்கே சொன்னேனே" என்றார்கள்.