அப்பாவும் நானும் 'பிகு'வும்

2020 ஏப்ரல் 29, புதன். மயூர் விஹார், டெல்லி

நடிகர் இர்ஃபான் கான் போய்விட்டார். 53 வயது. நாலு நாள் முன்னால்தான் ஜெய்ப்பூரில் அவர் அம்மா இறந்தார். ஊரடங்கில் மகனால் போக முடியவில்லை. அதை நினைத்து நினைத்து மனசு ஆறவில்லை.

ராத்திரி அப்பாவை உட்காரவைத்து அவர் நடித்த 'பிகு' படத்தைப் போட்டேன். "பிகுன்னா? பிகு பண்ணிக்கிற பொண்ணா?" என்றார். "பேருப்பா அது" என்றேன். பிகுவின் அப்பாவாக வரும் அமிதாப்பின் மலச்சிக்கல் புராணத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தவர், ஒன்பதரைக்கே தூங்கிப்போனார்.

ஏப்ரல் 30, வியாழன்

இன்று ரிஷி கபூர். 'கபூர் அண்ட் சன்ஸ்' படத்தில் குன்னூர் வீட்டுத் தாத்தாவாக, குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள எப்படித் தவிப்பார்! இதற்கு மேல் எழுத வரவில்லை.

மே 2, சனி

அப்பாவுக்கு இரண்டு நாளாகச் சரியாகப் போகவில்லை. காலையில் இசப்கோல், படுக்கும்போது வெந்நீரில் கடுக்காய்ப் பொடி. பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று "போச்சாப்பா?" என்று கேட்பதே என் காலை வேலையாகிவிட்டது.

2015-ல் தியேட்டரில் பார்த்தபோது எனக்கு 'பிகு' வெறும் சிரிப்புப் படம். வெளியே சாப்பிடப் போன இடத்திலும் பிகு போனில் அப்பாவின் மலத்தைப் பற்றிப் பேசுவாள், எதிரே இருப்பவனுக்கு முகம் சுருங்கும். இப்போது நான் அவள் பக்கம். இந்திக் குடும்பப் படங்களில் நல்ல பிள்ளை என்றால் காலைத் தொட்டுக் கும்பிடும். பிகு கத்துவாள், எரிந்து விழுவாள், ஆனால் அப்பாவை விட்டு ஓர் அடி நகரமாட்டாள். அந்தக் கோபத்தைக் குற்றமாக்காமல் எழுதினாரே ஜூஹி சதுர்வேதி, அவருக்குத் தேசிய விருது கொடுத்தது ரொம்பச் சரி.

மே 5, செவ்வாய்

மிச்சப் படம். டெல்லி சித்தரஞ்சன் பார்க்கிலிருந்து கொல்கத்தா வரை காரிலேயே பயணம், கூரைமேல் கமோடு நாற்காலி. வழியில் இர்ஃபான் ஒரு படம் வரைந்து, குந்தி உட்கார்ந்தால்தான் குடல் நேராகும் என்று பெரியவருக்கு விளக்குவார். அப்பா டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டு, சமையலறையிலிருந்த முக்காலியை எடுத்து வரச் சொன்னார். இனி கமோடில் உட்காரும்போது காலடியில் அதுதான்.

பெரியவர் யாரிடமும் சொல்லாமல் கொல்கத்தா தெருக்களில் சைக்கிளில் சுற்றும் இடம் வந்ததும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். கச்சோரி, ஜிலேபி எல்லாம் தின்றுவிட்டு வந்து, மகளிடம் திட்டு வாங்கி, மறுநாள் காலை தூக்கத்திலேயே போய்விடுவார். நான் அழுதேன். அப்பா அழவில்லை. "சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ்லேருந்து நானும் சைக்கிள்லதான் ஆபீஸ் போவேன். சங்கிலி கழண்டா நானே மாட்டிப்பேன்" என்றார். 65 தாண்டியவர்கள் வெளியே வரக்கூடாதாம். நாற்பது நாளுக்கு மேலாக அவர் மாடியை விட்டு இறங்கவில்லை.

மே 8, வெள்ளி

படம் வந்து இன்றோடு 5 வருஷம்.

காலையில் எழுந்தால் அப்பாவைக் காணோம். வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. படியில் ஓடினேன். கீழே, மூன்றாவது மாடிப் பையனின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாஸ்க் தாடையில். ஒரு கை பிரேக்கில், இன்னொரு கையின் கட்டைவிரல் மணிமேல். ஏறவில்லை, உருட்டக்கூட இல்லை. "ரெண்டே ரெண்டு தடவை அடிச்சேம்மா" என்றார். கத்தித் தீர்த்தேன். லிஃப்ட்டில் இருவரும் பேசவில்லை.

வந்ததும் நேரே பாத்ரூம். பத்து நிமிஷத்தில் உள்ளேயிருந்து சத்தம்: "போயிடுச்சும்மா! கடுக்காயே வேண்டாம்!"

சந்தோஷமாகத்தான் இருந்தது. காபி போடும்போதுதான் படத்தின் முடிவு ஞாபகம் வந்தது.

மே 9, சனி, விடியற்காலை 4

இரண்டு தடவை எழுந்துபோய் அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டாம் தடவை கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "என்னம்மா, போச்சான்னு கேக்க வந்தியா?"