துபாய் நாலு மணி நேரம்தான், மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுவதுதான் பாடு

டிக்கெட்டில் புறப்பாடு காலை 4.30, வருகை 7.15 என்று போட்டிருக்கும். இரண்டே முக்கால் மணி நேரத்தில் துபாயா என்று குதிக்க வேண்டாம். அங்கே கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். உட்கார்ந்திருக்கப் போவது நாலேகால் மணி நேரம். திரும்பும்போது இரவு 10-க்கு ஏறினால் இங்கே விடிகாலை 3.30. பறப்பதோ நாலுதான்.

திருவனந்தபுரத்திலிருந்து துபாய் வான்வழியில் சுமார் 2,950 கி.மீ. மணிக்கு 840 கி.மீ. வேகத்தில் மூன்றரை மணி நேரம். ஓடுபாதையில் ஊர்வது, ஏறுவது, துபாய்க்கு மேல் இறங்க வரிசையில் வட்டமடிப்பது எல்லாம் சேர்த்து இன்னொரு முக்கால் மணி. குளிர்காலத்தில் மேலே மேற்குக் காற்று பலமாக எதிர்க்கும், அதனால்தான் போக அதிக நேரம், வரக் கொஞ்சம். தென்மேற்குப் பருவத்தில் இந்த வித்தியாசம் குறையும். சென்னையிலிருந்தும் ஏறக்குறைய இதே தூரம்தான். டிக்கெட் மலிவு என்று நாகர்கோவிலிலிருந்து 700 கி.மீ. ரயிலில் போய் ஏறுவது வெட்டி வேலை. மிச்சம் பிடித்தது ரயிலுக்கும் லாட்ஜுக்கும் சரியாகிவிடும்.

கடலைத் தாண்டிவிடலாம், மாலை நேரத்தில் விமான நிலையம் போகும் வழியிலுள்ள பாலராமபுரத்தைத் தாண்ட முடியாது. நெய்யாற்றின்கரை வழியே போகாமல் காரோடு என்ற இடத்தில் பைபாஸ் ஏறுங்கள். திருவல்லத்தில் டோல் உண்டு, ஆனால் நேரே விமான நிலையத்தின் சாக்கைப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். வளைகுடா விமானங்களுக்கான முனையம் அந்தப் பக்கம்தான். சங்குமுகம் பக்கம் போய் இறங்கினால் ஓடுபாதையைச் சுற்றி வரவேண்டும், அதற்குள் செக்-இன் கவுண்டரை மூடிவிடக்கூடும். புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடுகிறார்கள், மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

டாக்சி பேசும்போது கேரளப் பெர்மிட், டோல், பார்க்கிங் மூன்றும் வாடகையில் அடக்கமா என்று கேட்டே ஆகவேண்டும். கேட்காவிட்டால் மாநில எல்லையான களியக்காவிளை தாண்டியதும் ஒவ்வொன்றாக முளைக்கும். பாதி ராத்திரியில் பெட்டியோடு நடுரோட்டில் நின்று யார் சண்டை போடுவது? பகல் விமானம் என்றால் திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையம் வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. டாக்சியைவிட மலிவு.

பங்குனியிலும் ஐப்பசியிலும் தேதி பார்த்து டிக்கெட் போடுங்கள். பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம், அதாவது சுவாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஊர்வலம், ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அன்று மாலை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது. விமான நேரங்களை முன்கூட்டியே மாற்றிவிடுவார்கள், பழைய நேரத்தை நம்பிக் கிளம்பினால் அலைச்சல்தான்.

பெட்டி கட்டும்போது கொப்பரையை எடுத்து வெளியே வையுங்கள். எண்ணெய் மிகுந்தது, எளிதில் தீப்பற்றும் என்று செக்-இன் பெட்டியில் விடமாட்டார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கவேண்டும். எல்லாவற்றையும்விட ஆபத்து, வீட்டில் பாசத்தோடு மடித்துத் தரும் கசகசாப் பொட்டலம். நமக்கு அது மசாலா, அமீரகத்தில் போதைப்பொருள் கணக்கு, ஜெயில் வரை போகும். குருமாவுக்கு நம்ம ஊர் முந்திரி போதும்.