விழுகிறவனின் மூச்சு

உளவாளிப் படம் என்றால் எங்கள் அறைக்கு முதலில் வந்து இறங்குவது ஷூக்கள்தான். ரப்பர் அடி, தோல் அடி, கனமான பூட்ஸ் என்று ஒரு சாக்கு நிறைய. நான் ஃபோலி செய்கிறவன். திரையில் நடக்கிறவரின் காலடி, சட்டை உரசல், துப்பாக்கியை எடுத்து வைக்கும் சத்தம் எல்லாவற்றையும் படத்தைப் பார்த்துக்கொண்டே மைக் முன்னால் நின்று செய்து பதிவதுதான் வேலை. நம் படங்களில் வசனத்தைப் பெரும்பாலும் டப்பிங்கில்தான் எடுக்கிறார்கள். படப்பிடிப்பில் பதிவான சத்தம், பார்த்துச் செய்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளும் பைலட் ட்ராக்கோடு நின்றுவிடும். அதனால் மிச்சத்தை எல்லாம் நாங்கள் புதிதாகச் செய்தாக வேண்டும். அறைத் தரையில் மணல், சல்லி, மொசைக், கடப்பா கல், மரப்பலகை என்று கட்டம் கட்டமாகப் போட்டு வைத்திருக்கிறோம். வினாடிக்கு 24 ஃப்ரேம். கால் நாலைந்து ஃப்ரேம் தள்ளி விழுந்தால் போதும், பார்க்கிறவருக்கு என்னவென்று சொல்லத் தெரியாமலே உறுத்தும்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு படம் வந்தது. ஹீரோ இரவில் ஓர் அலுவலகத்துக்குள் நுழைகிற காட்சி. "அவன் நடக்கிறது உள்ள இருக்கிறவங்களுக்குக் கேட்கக் கூடாது. ஆனா ஆடியன்ஸுக்கு அவன் நடக்கிறான்னு தெரியணும்" என்றார் டைரக்டர். இரண்டு நாள் விதவிதமான ஷூவை மாட்டிப் பார்த்தேன். கடைசியில் ஹீரோவுக்குக் காலடியே வைக்கவில்லை. பேன்ட் துணி உரசுவதை மட்டும் வைத்தேன். காவலாளிக்குக் கனமான பூட்ஸ் போட்டு மொசைக்கில் நன்றாக அழுத்தி நடந்தேன். அந்த பூட்ஸ் சத்தம் பக்கத்தில் வர வர, ஹீரோவின் அமைதி தானாகவே கேட்க ஆரம்பித்தது.

துப்பாக்கி சைலன்ஸரில்தான் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். நிஜத்தில் ஒரு கைத்துப்பாக்கியின் வெடிச் சத்தம் 160 டெசிபல் பக்கம் இருக்கும். சைலன்ஸர் அதில் 20 முதல் 35 டெசிபல் வரைதான் குறைக்கும். பக்கத்து அறைக்கு நிச்சயம் கேட்கும். குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் காற்றைக் கிழிக்கிற சத்தம் தனியாக வேறு வரும். சினிமாவில் அது 'ஃப்யூக்' என்றே பழகிவிட்டது, ஜனங்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நானும் அதையே வைத்தேன். கூடவே துப்பாக்கியின் மேல்பகுதி பின்னால் போய்த் திரும்பும் இரும்புச் சத்தத்துக்கு ஒரு பழைய கதவுத் தாழ்ப்பாளை இழுத்துச் சேர்த்தேன். அந்த இரும்பாவது உண்மையாக இருக்கட்டும் என்று ஓர் ஆசை.

எனக்கு மறக்காத ரீல் அதற்கு அடுத்தது. மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து ஹீரோ விழுந்து, கீழே நிற்கும் வேனின் கூரையில் இறங்க வேண்டும். விழுந்தது டூப். வடபழனிக்காரப் பையன், ஃபைட்டர். கயிறு கட்டி இறக்கும் ரோப் ஷாட். படத்தில் ரோப்பை கம்ப்யூட்டர் கிராபிக்ஸில் அழித்துவிட்டார்கள். பைலட் ட்ராக்கில் மட்டும் எல்லாம் இருந்தது. "ரெடி, ஒன், டூ, த்ரீ" என்று ஸ்டன்ட் மாஸ்டர் குரல், கப்பி கிறீச்சிடுவது, ரோப் பிடித்திருந்த பத்துப் பேரின் தம் கட்டிய முனகல். அத்தனையும் தூக்கிப் போட வேண்டியவை. ஹெட்போனில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். வேலைக்கு அது தேவையே இல்லை, ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை.

அந்த இடத்தில் நாங்கள் முதலில் வைத்தது பெரிய காற்று இரைச்சல், நீளமான ஓர் அலறல், மேலே இசை. எனக்கும் அப்போது நன்றாகத்தான் பட்டது. பக்கத்து அறைக்குச் சண்டைக் குரல் கொடுக்க வந்த அந்தப் பையன் எட்டிப் பார்த்தான். உட்காரச் சொல்லி அவனுக்கே போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. விழும்போது நான் கத்தமாட்டேன். தம் புடிச்சுக்குவேன். சட்டை மட்டும் படபடன்னு அடிக்கும். கீழ வந்து சேந்தப்புறம்தான் மூச்சே வரும்."

எனக்கு உடனே இரண்டு ஜேம்ஸ் பாண்ட் படங்கள் ஞாபகம் வந்தன. 1974-இல் வந்த 'தி மேன் வித் த கோல்டன் கன்' படத்துக்காகத் தாய்லாந்தில் ஒரு காரை உடைந்த பாலத்தின் மேல் திருகாணி மாதிரி ஒரு முழுச் சுற்று சுழலவிட்டுத் தாண்டவைத்தார்கள். அமெரிக்காவில் கார்னெல் ஏரோநாட்டிகல் லேபில் கம்ப்யூட்டர் வைத்துக் கணக்குப் போட்ட தாவல் அது. எடை சரியாக இருக்க ஸ்டீயரிங்கை நடுவில் மாற்றிவைத்து, பம்ப்ஸ் வில்லர்ட் என்ற டிரைவர் ஒரே டேக்கில் முடித்தார். அதன்மேல் கோமாளி விளையாட்டுக்கு ஊதுகிற மாதிரி ஒரு விசில் சத்தத்தை வைத்துவிட்டார்கள். இசையமைத்த ஜான் பாரியே பின்னால் அதற்காக வருத்தப்பட்டார். ஒரு மனிதன் உயிரைப் பணயம் வைத்த இடத்தில் தியேட்டர் சிரித்தது. எங்கள் வேலையில் அதைவிடப் பெரிய தவறு இல்லை என்று நினைக்கிறேன்.

மூன்று வருடம் கழித்து 'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ'. கனடாவின் பாஃபின் தீவில் ஆஸ்கார்ட் மலை உச்சியிலிருந்து ரிக் சில்வெஸ்டர் பனிச்சறுக்குக் கட்டைகளோடு பாய்ந்தார். அவரை ஒழுங்காகப் பிடித்தது ஒரே ஒரு கேமராதான். கழன்ற கட்டை ஒன்று விரிகிற பாராசூட்டை உரசிவிட்டுப் போகும். அதுவரை ஓடிய இசையை அவர் விழும்போது நிறுத்திவிடுகிறார்கள். பாராசூட் விரிந்த பிறகுதான் திரும்ப வருகிறது. அந்த அமைதியில் நாமும் தம் பிடிக்கிறோம். அந்தப் பையன் சொன்னதும் இதைத்தான்.

எல்லாவற்றையும் அழித்தேன். சட்டைக்கு முதலில் பாலியஸ்டர் துணியை உதறினேன், காகிதம் மாதிரி கேட்டது. நைந்த பருத்தி வேட்டி ஒன்றை நீளவாக்கில் கிழித்து மணிக்கட்டில் சுற்றி அடித்தபோதுதான் சரியாக வந்தது. மூச்சு மட்டும் என்னால் முடியவில்லை. எத்தனை முறை செய்தாலும் களைத்துப் போனவன் மூச்சாகவே வந்தது. விழுந்து எழுந்தவனின் மூச்சு வேறு.

"நான் குதிக்கிறேண்ணே" என்று அவனே மேஜைமேல் ஏறினான். கீழே மெத்தை போட்டோம். முகத்துக்கு நேராக மைக்கைத் தாழ்த்தினோம். மூன்றாவது தடவை அது வந்தது. முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு தொண்டைக்குள் ஏதோ உடைந்த மாதிரி ஒரு சின்ன ஒலி, அதன் பின்னால் முழு மூச்சு. டைரக்டர் கேட்டுவிட்டு, அந்த இடத்தில் இரண்டு வினாடி இசையை எடுத்துவிடச் சொன்னார்.

நம் தேசிய விருதுகளில் சண்டைக்காட்சிக்கு 2016-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தனி விருது தருகிறார்கள். ஆஸ்கரில் 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் ஸ்டன்ட் பிரிவு தொடங்குகிறது. அதுவும் வடிவமைக்கிற மாஸ்டருக்கான விருது. விழுகிறவன் பெயரைக் கேட்பவர்கள் இன்னமும் குறைவு, எனக்கு இது ஆறாத வருத்தம்.

படம் வெளியான வாரம், இரவுக் காட்சி விட்ட நேரத்தில் அந்தப் பையன் போன் செய்தான். ரோப் பிடித்த பையன்களையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். பின்னால் ஒரே கூச்சல்.

"முகம் அவரோடது, குரலும் அவரோடது. மூச்சு என்னோடதுடான்னு சொன்னேன். நம்பமாட்டேங்கிறானுங்கண்ணே. நீங்களே சொல்லுங்க" என்று போனை அவர்களிடம் கொடுத்தான்.